மண்டபத்திலிருந்து பட்டினம்காத்தான் வரை: ஓர் ஆல்பத்துடன் ஒன்பது ஆண்டுகள்

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக் குழுவின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பம் ஏறத்தாழ 44 நிமிடம் ஓடும். மண்டபத்தில் பஸ் கிளம்பும்போது அதைப் போட்டால், உச்சிப்புளியில் கூட்டம் அதிகமில்லாத நாளில், பட்டினம்காத்தான் வரும்போது முடிந்துவிடும். அங்கிருந்து ராமநாதபுரம் பஸ் நிலையத்துக்குக் கொஞ்ச தூரம்தான். அந்தக் கொஞ்ச தூரத்தில் நான் எதையும் கேட்பதில்லை.

2016இல் மதுரையில் படித்த நண்பன் ஒருவன் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தது இது. அப்போதுதான் ராமநாதபுரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒன்பது ஆண்டுகளாக வாரத்துக்கு இரண்டு முறையாவது கேட்டு வருகிறேன். இத்தனை முறை கேட்ட பிறகு எது தேய்ந்தது, எது தேயவில்லை என்று எழுதி வைக்கத் தோன்றியது.

முதல் ஆறு மாதம் எனக்கு இது பிடிக்கவில்லை. காரணம் மிகச் சாதாரணமானது. முதல் பாடலான ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்’ மெல்ல மெல்லத்தான் எழும். கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பை ஈர விரலால் தேய்த்து எழுப்பிய ஒலியும் அதில் கலந்திருக்கிறது. அது பஸ் இன்ஜினுக்கு அடியில் மூழ்கிவிடும். பாட்டு ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று ஃபோனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். பிறகு கிடாரில் நான்கு சுரங்கள் வரும். தனியாக, ஒன்றன்பின் ஒன்றாக, பதில் வராது என்று தெரிந்தே கூப்பிடும் குரல்போல. மனிதக் குரல் வருவதற்கு எட்டு நிமிடத்துக்கும் மேல் ஆகிறது. அதற்குள் வேதாளை போய்விடும். பல்லவி எப்போது வரும் என்று காத்திருந்து பழகிய காதுக்கு இது பெரிய சோதனை. இன்று கேட்டால், அந்த எட்டு நிமிடத்தில் ஒரு நொடியைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என்னை உள்ளே இழுத்தது நான்காவதாக வரும் பாடல், ஆல்பத்தின் பெயரையே தாங்கியது. அது பாட்டாகத் தொடங்குவதில்லை. யாரோ வானொலியின் திருகைத் திருப்புகிறார்கள். இரைச்சல், பேச்சுக்குரல், எங்கிருந்தோ ஒரு துண்டு இசை, மறுபடி இரைச்சல். கிடார் கலைஞர் டேவிட் கில்மரின் கார் வானொலியிலிருந்து பதிவு செய்ததாம். அதன் பிறகு ஒரு கிடார் கேட்கிறது. அதுவும் வானொலிக்குள் இருந்து வருவதுபோல மெலிந்து, தகரத்தில் பட்ட ஒலியாக. சற்று நேரத்தில் இன்னொரு கிடார், இது மிக அருகில், அறைக்குள்ளேயே ஒருவர் உட்கார்ந்து வானொலியோடு சேர்ந்து வாசிப்பதுபோல இணைகிறது.

முதன்முறை அதைக் கவனித்துக் கேட்ட அன்று பஸ்ஸில் நான் அழுதுவிட்டேன். அது என் மாமா.

அம்மாவின் கடைசித் தம்பி அவர். தங்கச்சிமடத்தில் பாட்டி வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய ஹார்மோனியம் இருந்தது. தேவாலயப் பாடகர் குழுவுக்கு அவர்தான் வாசிப்பார். சாயங்காலமானால் வானொலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இலங்கை வானொலியைத் தேடுவார். எங்கள் கரையில் கடலுக்கு அந்தப் பக்கத்துக் குரல்தான் தெளிவாக விழும். திருகைச் சற்றுக் கூடுதலாகத் திருப்பினால் சிங்களம் வரும், இரைச்சல் வரும், பிறகு திடீரென்று தமிழ்ப்பாட்டு. பாட்டு கிடைத்ததும் மாமா கண்ணை மூடிக்கொள்வார். ஓரிரு கட்டைகளைத் தொட்டுச் சுருதியைப் பிடித்துவிட்டு, வானொலியோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்குவார். ஆறேழு வயதுப் பையனான எனக்கு, பாடுகிறவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார், வாசிக்கிறவர் இங்கே இருக்கிறார், இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டுதான் இசைக்கிறார்கள் என்ற உறுதியான நம்பிக்கை இருந்தது.

1998இல், 27 வயதில், அவர் மனம் பிசகத் தொடங்கியது. உறக்கம் போனது, பேச்சு குறைந்தது, பிறகு யாருக்கும் கேட்காத குரல்களோடு பேச்சு கூடியது. பாட்டி அவரை ஏர்வாடிக்கு அழைத்துப் போய்ச் சில மாதங்கள் தங்கியிருந்தார். கிறிஸ்தவக் குடும்பம் தர்காவுக்குப் போவதா என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் கேட்பதில்லை. எல்லாச் சமயத்தாரும் போகிற இடம் அது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தபோது மாமா வீட்டுக்குத் திரும்பியிருந்தார். அன்று முழுவதும் பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. சோறு பிசைந்து ஊட்டும்போதுகூட இடக்கையை விடவில்லை.

இந்த ஆல்பம் யாரைப் பற்றியது என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. சிட் பாரெட், குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். தொடக்ககாலப் பாடல்களில் பெரும்பாலானவை அவர் எழுதியவை. மனநிலை சிதைந்து 1968இல் குழுவைவிட்டு விலகினார். 1973இல் வந்த ஆல்பம் உலகெங்கும் விற்று, மற்ற நால்வரும் புகழின் உச்சியில் களைத்துப்போய் நின்றபோது, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், இல்லாத நண்பனை நோக்கித் திரும்பினார்கள். 1975 ஜூனில் லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரைப் பற்றிய பாடலிலேயே வேலை செய்துகொண்டிருந்த நாளொன்றில், தலையும் புருவமும் மழித்த பருத்த மனிதர் ஒருவர் உள்ளே வந்து நின்றார். யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்தான் சிட் என்று புரிந்தபோது சிலர் அழுதார்கள். பின்னர் அவர் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, ஓவியமும் தோட்டமுமாகத் தனித்து வாழ்ந்து 2006இல் இறந்தார்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு நாள் வரவில்லை. மாமா எங்கும் போகவில்லை, எனவே ஒருநாள் திரும்பி வந்து வாசலில் நிற்கவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, எங்கள் கண்ணெதிரிலேயே உருமாறினார். மாத்திரைகள் அவரைப் பருமனாக்கின. அந்த மாத்திரைப் பட்டைகளை இன்று நானே கடையில் எண்ணிக் கொடுக்கிறேன். வாங்க வரும் அம்மாக்களின் முகத்தைப் பார்த்தால், அவர்கள் வீட்டிலும் ஒரு ஹார்மோனியமோ கேரம் பலகையோ தூசி படிந்து கிடக்கும் என்று தோன்றும்.

ஆல்பத்தின் பெயரை அம்மாவுக்குத் தமிழில் சொல்ல முயன்று பலமுறை தோற்றிருக்கிறேன். ‘நீ இங்கே இருந்திருக்கலாம்’ என்றால் எல்லாம் முடிந்துவிட்டது. ‘நீ இங்கே இருக்க வேண்டும்’ என்றால் கட்டளை. ஒருநாள் அம்மா மீன் ஆய்ந்துகொண்டே, எதையோ நினைத்து, “தம்பி இருந்தால் தேவலை” என்றார். தம்பி அடுத்த அறையில்தான் படுத்திருந்தார். அந்த ‘தேவலை’யைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். மாமாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அம்மா “நன்றாகப் பாடுவான்” என்றுதான் சொல்வார். ‘பாடினான்’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. ‘பாடுவான்’ என்பது முன்பு வழக்கமாகச் செய்ததற்கும் பொருந்தும், இனிமேல் செய்யப்போவதற்கும் பொருந்தும். அம்மா எந்தப் பொருளில் சொல்கிறார் என்று நான் கேட்டதில்லை.

இந்த ஆல்பத்தின் துயரமும் அத்தகையதுதான் என்று நினைக்கிறேன். இறந்தவருக்கான ஒப்பாரி இல்லை இது. ஒப்பாரிக்கு ஒரு முடிவு உண்டு. எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று வரிசை உண்டு. உயிரோடு இருந்தும் எட்டாமல் போனவருக்கு அப்படி எந்தச் சடங்கும் கிடையாது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளில் இதை நன்றாக அறிவார்கள். உடல் கிடைக்கும்வரை அங்கே யாரும் இறந்தகாலத்தில் பேசமாட்டார்கள்.

தனுஷ்கோடிக்கு எடுத்துப்போய் ஒருமுறை கேட்டேன். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர், இடிந்த தேவாலயம், இரண்டு பக்கமும் கடல்; இதைவிடப் பொருத்தமான இடம் இருக்காது என்று நம்பித்தான் போனேன். பொருந்தவேயில்லை. காற்று காதை அடைத்தது ஒரு காரணம். அந்த இடிபாடுகளின் சோகம் முழுமையாக முடிந்துபோனது, கிடார் அதனிடம் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை என்பது இன்னொரு காரணம். மாறாக, சில்லறைக்காக நடத்துநரிடம் வாதாடும் பெண்ணுக்குப் பின்னால், மீன் கூடையின் வாசனைக்கு நடுவில், ஜன்னலோரம் சாய்ந்து கேட்கும்போது ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் போய் உட்காருகிறது. மீன்பிடித் தடைக்கால மாதங்களில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான அந்த 61 நாட்களில், வேலையில்லாத விசைப்படகுத் தொழிலாளர்கள் ஏதோ காரியமாக ராமநாதபுரம் வருவார்கள். யாரும் அதிகம் பேசமாட்டார்கள். அந்தப் பஸ்ஸில் இதைக் கேட்பது தனி.

குறை சொல்லியே ஆக வேண்டும். நடுவிலுள்ள இரண்டு பாடல்களும் இசை வணிகத்தின் மீதான கோபம். ‘வெல்கம் டு தி மெஷின்’ எனக்குப் பிடிபட மூன்று வருடம் ஆனது. அதில் சிந்தசைசர் விடாமல் துடித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் மழைக்கு ஐஸ் ஃபேக்டரி வாசலில் ஒதுங்கி நின்றபோது, உள்ளே கம்ப்ரசர் அதே துடிப்பில் ஓடியது. பதினாறு வயதில் அங்கே வேலைக்குப் போய், காது மந்தமாகி வெளியே வந்த பக்கத்து வீட்டு அண்ணனை நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு அந்தப் பாடலைத் தாண்டியதில்லை. ‘ஹாவ் எ சிகார்’ அப்படியல்ல. அதைப் பாடியவர் குழுவில் இல்லாத ராய் ஹார்ப்பர், நன்றாகவே பாடியிருக்கிறார். ஆனால் ஒலித்தட்டு நிறுவனத்து முதலாளியைச் சாடும் அந்த எரிச்சல் ஒன்பது வருடத்தில் எனக்கு நெருங்கி வரவேயில்லை. அதன் முடிவில் முழு இசையும் சட்டென்று ஒரு சின்ன வானொலிக்குள் சுருங்குகிற இடத்துக்காக மட்டுமே கேட்கிறேன்.

எதில் கேட்பது என்பதும் முக்கியம். எங்கள் உப்புக் காற்றில் இயர்ஃபோன் நீடிப்பதில்லை. ஆறு மாதத்தில் பிளக்கில் பச்சை பூத்துவிடும், முதலில் ஒரு பக்கம் செத்துவிடும். ஒற்றைக் காதில் இந்த ஆல்பத்தைக் கேட்காதீர்கள். வானொலிக் கிடாரும் பக்கத்துக் கிடாரும் ஒன்றாய்க் குழம்பிவிடும். இருவரில் ஒருவர் தொலைவில் இருக்கிறார் என்பது தெரியாவிட்டால் அந்தப் பாடலில் எதுவுமே இல்லை. பாடல்களை வரிசை மாற்றியும் போடாதீர்கள். முதல் பாடலின் மிச்சப் பகுதிதான் கடைசியில் வருகிறது. இடையில் வருபவை எல்லாம், ஒருவரைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம். மொத்தப் பாடலும் அணைகிற கடைசி நொடிகளில், கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் பாரெட்டின் பழைய பாடலொன்றிலிருந்து ஒரு சிறு மெட்டை வாசித்துவிட்டுப் போகிறார். பட்டினம்காத்தான் இரைச்சலில் அது எனக்குப் பல வருடங்கள் கேட்கவேயில்லை. வீட்டில், இரவில், மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் முதன்முறை கேட்டேன்.

பாட்டி இறந்த பிறகு மாமா மண்டபத்தில் எங்களோடுதான் இருக்கிறார். ஹார்மோனியமும் வந்தது, துருத்தி கிழிந்திருக்கிறது. போன கார்த்திகையில் ஒரு மாலை, திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு இயர்ஃபோனை அவர் காதில் வைத்தேன். ஒற்றைக் காதில் கேட்கக் கூடாது என்று இப்போதுதான் எழுதினேன். அன்று இருவருக்கும் ஆளுக்கொன்றுதான். வானொலித் திருகு திரும்பும் இடத்தில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மாற்றமும் இல்லை. பாட்டு முடிந்து, அடுத்த பகுதிக்குப் பாலமாகக் காற்று வீசும் ஒலி வந்தது. மாமா தலையைத் திருப்பி வடகடல் பக்கம் பார்த்தார்.

“வாடை இல்லை இது” என்றார். “கச்சான்.” மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு எங்கள் கரையில் அதுதான் பெயர்.

பிறகு இயர்ஃபோனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனார்.