கம்பி கழன்ற நாளில் எது நல்ல வலையமைப்பு?

கணினிகளை இணைக்கும் முறைகளைப் பாடநூல்கள் வடிவத்தை வைத்துப் பிரிக்கின்றன: பஸ், வளையம், நட்சத்திரம், மெஷ். நான் பழுதை வைத்துத்தான் பிரிப்பேன். ஓடிக்கொண்டிருக்கும் வரை எல்லாமே நல்ல வலையமைப்புதான்.

பஸ் அமைப்பில் டிவி கேபிள் போன்ற ஒரே கோஆக்சியல் கேபிள் எல்லாக் கணினிகளையும் தொட்டுக்கொண்டு போகும். ஈதர்நெட் என்ற கம்பி இணைப்பு முறையின் மெல்லிய கேபிள் வகையில் ஒரு துண்டு 185 மீட்டர் வரை நீளலாம். 30 இணைப்புகளைத் தாங்கும். நடுவில் பெட்டி எதுவும் வேண்டாம் என்பதால் செலவு குறைவு. ஆனால் இரு முனைகளிலும் சமிக்ஞையை உறிஞ்சி அடக்கும் 50 ஓம் டெர்மினேட்டர் இருந்தாக வேண்டும். மேசையை நகர்த்தும்போது அதில் ஒன்று கழன்றுவிட்டால், சமிக்ஞை முனையில் மோதித் திரும்பி வந்து அறை முழுவதையும் முடக்கிவிடும். எங்கே கழன்றது என்று எந்தத் திரையும் சொல்லாது. மேசை மேசையாகக் குனிந்து, ஒவ்வொரு இணைப்பையும் அசைத்துப் பார்க்க வேண்டியதுதான். அந்தச் சிக்கனம் எனக்கு வேண்டாம்.

வளையத்தில் ஒழுங்கு உண்டு. டோக்கன் என்ற அனுமதிச் சீட்டு கணினிகளைச் சுற்றி வரும்; அது கைக்கு வந்த கணினி மட்டுமே பேசும், மோதலே இல்லை. ஆனால் ஐபிஎம்மின் டோக்கன் ரிங்கிலேயே கம்பிகள் நடுப்பெட்டி ஒன்றில்தான் போய்ச் சேர்ந்தன, பழுதான கணினியை விலக்கிவிட்டு வளையத்தை மூடுவதற்காக. பெயர் வளையம், உடம்பு நட்சத்திரம்!

நட்சத்திரத்தில் ஒவ்வொரு கணினியும் தனிக் கம்பியால் நடுவிலுள்ள சுவிட்ச் என்ற பெட்டியில் சேரும். அதனால் கேபிள் நிறையத் தேவை. சுவிட்ச் போனால் எல்லாமே போகும். ஆனாலும் என் வாக்கு இதற்கே. ஒரு கம்பி அறுந்தால் ஒரு கணினிதான் நிற்கும். சுவிட்சில் அணைந்திருக்கும் விளக்கு அது எதுவென்று காட்டிவிடும். ஒரே கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் யாராவது செருகிவிட்டால் மட்டும் தகவல் சுற்றிச் சுற்றிப் பெருகி, விளக்குகள் வெறிபிடித்தாற்போல் சிமிட்டும். ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை உள்ள சுவிட்ச் அந்தச் சுழலைத் தானே துண்டித்துவிடும்.

ஒவ்வொரு கணினியையும் மற்ற எல்லாவற்றோடும் நேரே இணைக்கும் முழு மெஷ்ஷில் 5 கணினிகளுக்கு 10 கம்பிகள், 50 கணினிகளுக்கு 1,225. அலுவலக அறைக்கு அது ஆகாது. முதன்மை ரவுட்டர்களுக்கு இடையே பொருந்தும்.

இணைப்பதே லாபமா என்றால், பெரும்பாலும் ஆம். ஒரு அச்சுப்பொறியை இருபது பேர் பகிரலாம், கோப்புகளை ஒரே இடத்தில் காக்கலாம். அதே பாதையில்தான் 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை தீநிரல் கணினிவிட்டுக் கணினி தாவியது. பல இடங்களில் யாரும் எதையும் கிளிக் செய்யக்கூட இல்லை. அதற்கு எந்த வடிவமும் காப்பல்ல. நகல் எடுத்து முடித்ததும் காப்பு வட்டை நான் கழற்றி வைத்துவிடுகிறேன்.