ஏற்காட்டுத் தோட்டக் குடும்பங்களின் வேர் தேட: ஃபேமிலிசர்ச்

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் போட்ட வெள்ளைக்காரக் குடும்பங்களைத் தேடுவோருக்கு ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் இணையதளம் அருமையானது, காசே வாங்குவதில்லை. ஊர்ப் பெட்டியில் வெறும் ‘சேலம்’ என்று அடித்தால் மாசசூசெட்ஸ், ஓரிகன் சேலம்காரர்கள் வந்து குவிவார்கள். ‘மெட்ராஸ், இந்தியா’ என்பதையும் சேர்த்துக் கொடுங்கள்.

அமெரிக்க எல்லைப்புறக் குடியேறிகளுக்கு 1850 கணக்கெடுப்பிலிருந்தே வீட்டார் ஒவ்வொருவரின் பெயர், வயது, பிறந்த மாநிலம் கிடைக்கும். நம் பக்கம் அப்படி ஆள்வாரித் தாள்கள் மிஞ்சவில்லை. தேவாலயப் பதிவேடுதான் முக்கிய வழி. ஞானஸ்நானப் பதிவில் தகப்பனார் தொழில்கூட இருக்கும், தாயின் பிறந்தவீட்டுப் பெயர் பெரும்பாலும் இராது. அதற்குத் திருமணப் பதிவைத் தேட வேண்டும். அடக்கப் பதிவில் பெரும்பாலும் பிறந்த தேதி இராது, இறந்தபோது இருந்த வயதுதான் இருக்கும். அதைக் கழித்துப் பிறந்த ஆண்டைப் பார்க்கும்போது ஓரிரு ஆண்டு முன்பின் வைத்துத் தேடுங்கள்.

இத்தளத்தில் எல்லோரும் சேர்ந்து தொகுக்கும் பொதுக் குடும்ப மரத்தைக் கணக்கு வைத்திருக்கும் யாரும் திருத்தலாம் என்பதால், மூலப் பதிவு இணைக்காத பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.