சிவப்புக் கோச்சியா, நீலக் கோச்சியா?

இலங்கை மலையகத்துக் கொட்டகலையில், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கீழேதான் தண்டவாளம். ரயிலை நாங்கள் கோச்சி என்போம். வருவது எந்தக் கோச்சி என்று எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடுவோம். சிங்கமலைச் சுரங்கத்தைத் தாண்டி வரும்போதே கூரைத் தகரம் லேசாக அதிர்ந்தால் அது எஞ்சின் பூட்டிய பழைய சிவப்புக் கோச்சி. ஒரே சீரான இரைச்சலோடு வழுக்கிக்கொண்டு போனால் சீனாவிலிருந்து வந்த நீலக் கோச்சி. என் தம்பி மகன் நீலக் கட்சி. நான் சிவப்பு. ஆனால் நீலத்துக்குச் சேரவேண்டிய புள்ளியைப் பிடித்துவைக்க மாட்டேன்.

பழையது என்றால் ஒரே வண்டி இல்லை. முன்னால் பெரும்பாலும் எம்6 எஞ்சின், 1979இல் மேற்கு ஜெர்மனியின் ஹென்ஷல் தொழிற்சாலையில் செய்தது. அதற்கு முன்பு 1954இலிருந்து கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தின் கீழ் கனடா தந்த எம்2 எஞ்சின்கள் வந்தன. ஒன்டாரியோ, அல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா என்று அவற்றுக்குப் பெயர். கனடாவுக்கு விசா எடுக்காமலே அல்பர்ட்டாவைப் பார்த்த ஆட்கள் நாங்கள்! பின்னால் பழுப்புச் சிவப்பு ருமேனியப் பெட்டிகள். புதியது 2012இல் வந்த எஸ்12. இரண்டு முனையிலும் எஞ்சின், நடுவில் பெட்டிகள் என்று ஒரே தொகுப்பாக வந்த பவர் செட்.

வேகத்தை வைத்து இரண்டையும் மோதவிடுவது வீண். இந்தப் பாதை கோப்பியையும் தேயிலையையும் இறக்குவதற்காகப் போடப்பட்டது. 1867இல் கண்டி, 1885இல் நானுஓயா, கடைசியாக 1924இல் பதுளை. ஏற்றம் 44 அடிக்கு ஒரு அடி, வளைவுகளின் ஆரம் சில இடங்களில் 100 மீட்டர்தான். இதில் எதை ஓட்டினாலும் ஊர்ந்துதான் போகவேண்டும்.

ஏறுவதில் வித்தியாசம் இருக்கிறது. எம்6இன் ஆறு அச்சுகளில் நான்கைத்தான் மோட்டார் சுழற்றும். முழுக் கோச்சியையும் அந்த நான்கு அச்சுகள் இழுக்கவேண்டும். மழையில் தண்டவாளம் வழுக்கினால் சக்கரம் வெறுமனே சுற்றும், மணலைக் கொட்டிப் பிடிப்பு உண்டாக்குவார்கள். பவர் செட்டில் முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ளுகிறது. வட்டவளைப் பக்கத்து மழையைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். இந்தப் புள்ளி நீலத்துக்கு.

கண்டியிலும் நீலம்தான் ஜெயிக்கிறது. கண்டி ஸ்டேசன் பதுளைப் பாதையில் இல்லை, பேராதனைச் சந்தியிலிருந்து பிரிந்து உள்ளே போகவேண்டும். போன கோச்சி திரும்பி வரும்போது பின்பக்கம் முன்பக்கமாகிவிடும். பழைய கோச்சி என்றால் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தால் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் பூட்டவேண்டும். நீலத்தில் டிரைவர் இறங்கி மறுமுனைக்கு நடந்துபோனால் வேலை முடிந்தது. கொழும்பில் 1960 வரை டிராம் ஓடியபோதும் இதே வசதிதான் என்று தாத்தா சொல்வார். கடைசித் தரிப்பிடத்தில் கூரைக் கம்பத்தை மறுபக்கம் திருப்பிவிட்டால் போதும், வண்டியைத் திருப்பவேண்டியதில்லை. ஆக, தம்பி மகனின் நவீனம் தாத்தா காலத்து வித்தைதான். அவனிடம் சொன்னால் கோபப்படுவான்.

சரி, சிவப்பு எங்கே ஜெயிக்கிறது? தீபாவளிக்கு முதல் நாள். கொழும்பில் கடையிலும் வீடுகளிலும் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம் ஒரே இரவில் ஊருக்குக் கிளம்புவார்கள். எஞ்சின் கோச்சிக்கு, இழுக்க முடிகிற வரை, இரண்டு பெட்டி கூடக் கோர்க்கலாம். செட்டை அப்படி நினைத்தபடி நீட்ட முடியாது. பழுது வந்தாலும் இதே கதை. எஞ்சின் படுத்தால் வேறொரு எஞ்சினைப் பூட்டி அதே பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகலாம். செட் படுத்தால் எஞ்சினோடு நல்ல இருக்கைகளும் சேர்ந்து பட்டறைக்குப் போகும். ஊர் போய்ச்சேர வேண்டிய ஆளுக்கு இருக்கை மெத்தையைவிட இதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். இங்கேதான் நான் சிவப்புக் கட்சியானேன்.

இருக்கை நீலத்தில் நன்று. கதவில் தொங்குகிற கூட்டம் இரண்டிலும் உண்டு. இஸ்ஸோ வடைக்காரர், அதாவது இறால் வடை விற்பவர், எதிலும் ஏறுவார். நீலத்தின் ஏசி முதலாம் வகுப்பில் மட்டும் கண்ணாடி திறக்காது. தலவாக்கலை வருவதற்கு முன்னால் சென் கிளேயர் அருவி தெரியும் நேரத்தில் முகத்தில் காற்றுப் படாமல் உட்கார்ந்திருக்க எதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்புறம் அந்தக் கண்ணாடிப் பெட்டி. சிவப்புக் கோச்சியின் கடைசியில், பின்பக்கம் பார்த்த இருக்கைகளோடு, முழுக் கண்ணாடிச் சுவர் வைத்த முதலாம் வகுப்பு. சின்ன வயதில் நாங்கள் தேயிலைக் கொழுந்து மலையில் நின்று கையசைப்போம், உள்ளே இருக்கிற வெள்ளைக்காரர்கள் திருப்பிக் கையசைப்பார்கள். அதற்குள் உட்காரலாம் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. நாற்பது வயதுக்குப் பிறகுதான் டிக்கட் எடுத்தேன், அதிலும் ஏமாந்தேன். அது கண்டிக்குள் போய்த் திரும்பும் கோச்சி. திரும்பியதும் கடைசிப் பெட்டி எஞ்சினுக்கு அடுத்த பெட்டியாகிவிட்டது. நானுஓயா வரை கண்ணாடியில் பார்த்தது எஞ்சினின் உடம்பைத்தான். இதைத் தம்பி மகன் இன்னும் சொல்லிச் சிரிக்கிறான்.

அடுத்த தடவை கண்டிக்குப் போகாத கோச்சியாகப் பார்த்து ஏறினேன். பட்டிப்பொலவில் பனி, அடுத்து உச்சிச் சுரங்கம், அதைத் தாண்டினால் ஒஹியப் பக்கம் வெயில். தெமோதரையில் ஸ்டேசனை விட்டு வளைந்து வளைந்து இறங்கி, அதே ஸ்டேசனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் கோச்சி நுழைந்து வெளியே வந்தது. பின்கண்ணாடி வழியே நிமிர்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன் எங்களுக்குக் கொடி காட்டிய மனிதர் சுரங்கத்துக்கு மேலே நின்றுகொண்டிருந்தார். நீலக் கோச்சியில் அந்த இடத்தில் டிரைவர் அறை இருக்கிறது.