வயலில் வெள்ளம், ஆப்பில் வறட்சி

"வயலில் கம்பம் நட்டு மாட்டினால் மழை, ஈரம் எல்லாம் போன் ஆப்பில் காட்டுமே, அந்த வானிலைக் கருவி விலை இறங்கியிருக்காமே, வாங்கலாமா?" என்று பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டி நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது. எத்தனை சென்சார், எவ்வளவு பேட்டரி என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. ஓசூரை அடுத்த தளி பக்கம் மச்சான் பார்க்கும் தக்காளித் தோட்டத்தில் கம்பத்தை நட்டுவிட்டு, பெங்களூரில் உட்கார்ந்து போனைப் பார்ப்பவனின் வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன்.

எரிச்சல் கருவியில் இருக்கும் மழைமானியால். மேலே புனல், உள்ளே ஏற்றப்பலகை மாதிரி இரட்டைக் கரண்டி. ஒரு பக்கம் நிரம்பினால் சாய்ந்து கொட்டும், ஒரு சாய்வுக்கு 0.2 மி.மீ. மழை என்று கணக்கு. புனலின் துளையில் சிலந்தி நூல் கட்டினாலே போதும், கரண்டி அசையாது. கொட்டித் தீர்த்தாலும் ஆப்பில் பூஜ்ஜியம்தான்.

அதைக்கூடப் பொறுக்கலாம். ஆப்பில் பருவமழை நிலவரம் காட்டும் பக்கம் அந்தப் பூஜ்ஜியத்தைப் பழுது என்று எடுத்துக்கொள்ளாமல், 'மழையே இல்லை' என்று எடுத்துக்கொண்டு, சராசரியோடு ஒப்பிட்டு, 'பற்றாக்குறை, பாசனம் செய்யவும்' என்று சிவப்பில் அலறுகிறது. செப்டம்பரில் மச்சான் போன் செய்தான்: "மாமா, இங்க வரப்ப ஒடச்சிக்கிட்டுத் தண்ணி ஓடுது, உங்க போனு தண்ணி கட்டச் சொல்லுதா?" ரிப்பேருக்கு வந்த பையன் உள்ளேயிருந்து குளவி மண்ணைத் தட்டி எடுத்துவிட்டு பில் கொடுத்தான். பூச்சியால் வந்த பழுது வாரண்டியில் சேராதாம். பூச்சி இல்லாத தோட்டத்தை எங்கே போய்த் தேடுவது?

இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், பருவக் கணிப்பு நம் வயலுக்குத் தனியாக எதுவும் சொல்வதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஏப்ரலில் ஒருமுறை, மே கடைசியில் ஒருமுறை தென்மேற்குப் பருவமழைக் கணிப்பை வெளியிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுமைக்குமான சராசரி 87 செ.மீ.; அதில் 96 முதல் 104 சதவீதம் பெய்தால் இயல்பு. 2023இல் பருவம் 94 சதவீதத்தில் முடிந்தது, பார்க்க மோசமில்லை. ஆனால் அந்த ஆகஸ்ட், 1901 முதல் வைத்திருக்கும் கணக்கிலேயே நாட்டில் மிகக் குறைவாக மழை பெய்த ஆகஸ்ட். ஆடியில் மானாவாரியாக ராகி விதைத்தவனுக்கு மொத்தக் கணக்கால் என்ன லாபம்? வயலில் எப்போது, எவ்வளவு பெய்தது என்று காட்டத்தான் கருவி. அதுவே பொய் சொன்னால்?

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இலை ஈர சென்சார் அருமை. ராத்திரி எத்தனை மணி நேரம் இலை நனைந்திருந்தது என்று தெரிவதால், கருகல் நோய் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு மருந்தடிப்பது குறைந்திருக்கிறது. மருந்துக்கடைக்காரருக்குத்தான் வருத்தம்.

நண்பரே, வாங்காதீர்கள். வானிலைத் துறையின் மேகதூத் ஆப் இலவசம், செவ்வாயும் வெள்ளியும் பயிர் ஆலோசனை வருகிறது, பெரும்பாலோருக்கு அது போதும். நான் என் கருவியின் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன் என்பது வேறு கதை. மீறி வாங்கினால் பக்கத்திலேயே கோடு போட்ட சாதா பிளாஸ்டிக் மழைமானி ஒன்றும் நட்டுவையுங்கள். வாரம் ஒருமுறை புனலைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும். என் மச்சான் அதற்குத் தனிக்கூலி கேட்கிறான்.