சைக்கிள் என்ஜின் கிட்டுக்கு 36 பல்லா, 44 பல்லா?

தோப்புல வீட்டுக்கும் மோட்டார் ரூமுக்கும் நடந்து நடந்து கால் ஓஞ்சு போய், பழைய 26 இன்ச் சைக்கிள்ல அந்த 66 சிசி டூ-ஸ்ட்ரோக் சைனா கிட்டை மாட்டினேன். கிட்டோட வந்த பின் ஸ்ப்ராக்கெட் (பின் சக்கரத்துல செயின் மாட்டுற பல்சக்கரம்) 44 பல்லு. ஸ்பீடு ஆசையில நான்தான் அதைக் கழட்டிட்டு 36 போட்டேன், இப்ப மறுபடி 44தான் ஓடுது.

ஸ்பீடு கணக்கு சிம்பிள். என்ஜினுக்குள்ளேயே 4.1 மடங்கு குறையுது, முன்னாடி என்ஜின் ஸ்ப்ராக்கெட்ல 10 பல்லு, ஆக 5000 ஆர்பிஎம்ல 44க்கு மணிக்கு 34 கிலோமீட்டர், 36க்கு 42. சமதரையில 36 சுகம்தான், என்ஜின் கத்தாது, கை மரத்துப் போற அதிர்வும் கம்மி. ஆனா 25 சிசி தாண்டிட்டா சட்டப்படி அது மோட்டார் வாகனம், ரோட்டுக்கு எடுக்க முடியாது, தோப்புக்குள்ள 42 வெச்சு என்ன பண்றது?

விஷயமே க்ளட்ச்தான். 36ல கிளம்பும்போது இழுவை பத்தாது, நின்னுடுமோன்னு லீவரை பாதியில புடிச்சே ஒப்பேத்துவோம், மணல்லயும் கிணத்து மேட்டுலயும் அதே கதை, அவ்வளவு நேரமும் க்ளட்ச் பேடு (உரசிப் புடிச்சு இழுவையைக் கடத்துற துண்டுகள்) உரசிச் சூடாகுது. ரெண்டே மாசம், ஆக்சிலேட்டரை முறுக்கினா சத்தம் மட்டும் ஏறுது, வண்டி ஏறல. என்ஜினோட வலது பக்க மூடியைக் கழட்டினா பேடெல்லாம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு, போதாததுக்கு உள்ள இருக்கிற கியர் பல்சக்கரத்துக்கு நான் அள்ளி வெச்ச கிரீஸ் வேற தெறிச்சு ஒட்டியிருக்கு. தின்னர்ல தொடச்சு, உப்புத்தாள்ல தேச்சு, பேடை அழுத்துற ஸ்பிரிங்கை இறுக்குற, இதழ் இதழா இருக்கிற பூ நட்டோட குட்டி லாக் ஸ்க்ரூவைக் கழட்டி ஒரு இதழ் மட்டும் முறுக்கினேன். ஆர்வத்துல கூட முறுக்கிட்டா லீவர் கல்லாயிடும், க்ளட்ச் முழுசா விடவும் விடாது.

மூடியில கை வைக்கிறதுக்கு முன்னாடி கேபிளைப் பாருங்க, லீவர்ல துளி ஆட்டம் இல்லேன்னா பேடு புதுசா இருந்தாலும் வழுக்கும். என்ஜினை ஆஃப் பண்ணி, லீவரை விட்டுட்டு சைக்கிளைத் தள்ளுங்க. என்ஜின் புஸ்புஸ்னு தடுக்கணும், சக்கரம் சும்மா உருண்டுச்சுன்னா வழுக்குதுன்னு அர்த்தம்.

44 மாட்டி எட்டு மாசம் ஆச்சு, அதே பேடு, மறுபடி திறக்கவே இல்ல. நாலு மிதி மிதிச்சு வேகம் புடிச்சப்புறம்தான் லீவரை விடுறேன், அதுவும் ஒரு காரணமா இருக்கும், எல்லாப் பெருமையும் ஸ்ப்ராக்கெட்டுக்கே குடுக்க மாட்டேன். நடுவுல 41 பல்லும் இருக்கு, ஒரே ஒரு நாள் தெரிஞ்சவர் வண்டியில ஓட்டினேன், நல்லாத்தான் இருந்துச்சு, பேடு எவ்வளவு நாள் தாங்கும்னெல்லாம் அதை வெச்சுச் சொல்ல முடியாது.

ஒண்ணு, 36க்கு மாறுறவங்க செயின்ல நாலு கண்ணி வெட்ட வேண்டி வரும், அந்தத் துண்டைப் பத்திரமா வைங்க. நான் தூக்கி எறிஞ்சுட்டு, திரும்ப 44 மாட்டுறப்ப எட்டாம புதுச் செயினே வாங்கினேன்.