தட்டு அமிழ்ந்ததா, மேலோடு தடித்ததா? முதல் கண்டங்களின் பிறப்பு

பூமியின் முதல் கண்டங்கள் எப்படி உருவாயின என்பதில் இரண்டு விளக்கங்கள் நீண்ட காலமாக மோதுகின்றன. ஈரமேறிய பசால்ட் (எரிமலைக் குழம்பு உறைந்து உருவாகும் கனமான கரும்பாறை) ஆழத்தில் பாதி உருகியும் உருகாமலும் இருக்கும்போது, சிலிக்கா மிகுந்த, எடை குறைந்த டோனலைட் வகைப் பாறை பிரிந்து மேலே வரும் என்பதை இரு தரப்பும் ஏற்கிறது. அந்தப் பசால்ட் ஆழத்துக்குப் போன வழியில்தான் சண்டை.

கடல்தரைத் தட்டு (பூமியின் மேற்பகுதியில் நகரும் பெரும் பாறைப் பலகைகளில் ஒன்று) இன்னொரு தட்டின் கீழே அமிழ்ந்து உருகியது என்பது முதல் விளக்கம். இதன் பெரிய பலம் தண்ணீர். கடலடியில் ஊறிய பாறை, நீரைத் தன்னோடு கீழே கொண்டுபோகும். நீர் இருந்தால் குறைந்த வெப்பத்திலேயே பாறை உருகும். ஆனால் அன்றைய பூமியின் உட்புறம் இன்றைவிட மிகச் சூடானது. அந்தச் சூட்டில் தட்டு உடையாமல் நீண்ட தூரம் அமிழ்ந்திருக்குமா என்பது எனக்குப் பெரிய சந்தேகம்.

இரண்டாவது விளக்கத்தில் தட்டு எங்கும் நகர வேண்டியதில்லை. எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகக் குவிந்து மேலோடு தடிக்கிறது. அடிப்பகுதி சூடேறி உருகுகிறது. இதற்கு நல்ல சாட்சி மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா. அங்கே 350 முதல் 320 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கிரானைட் வகைப் பாறைகள் பெரும் குவிமாடங்களாக எழுந்து நிற்கின்றன. இடையிடையே கனமான பசால்ட் அடுக்குகள் கீழே தொய்ந்திருக்கின்றன. தட்டுகள் மோதினால் நீண்ட மலைத்தொடர்கள் வரும், இப்படி உருண்டை உருண்டையாக வராது. அப்பகுதியின் பழைய பசால்ட்டே தடித்த மேலோட்டின் அடியில் உருகி இந்தப் பாறைகளைத் தந்திருக்க முடியும் என்று 2017இல் வெளியான கணக்கீடு ஒன்றும் காட்டியது.

சரி, அவ்வளவு ஆழத்துக்கு நீர் எப்படிப் போனது? இந்த விளக்கம் தடுமாறும் இடம் இதுதான். ஈரமான மேற்பரப்புக் குழம்புகள் புதிய குழம்பின் கீழே புதைந்து இறங்கின என்பது நல்ல பதில்தான், ஆனாலும் போதிய அளவு நீர் இறங்கியிருக்குமா என்ற கேள்வி தீரவில்லை.

கனடாவின் அகாஸ்டாவில் 402 கோடி ஆண்டு வயதான டோனலைட் உண்டு. அதன் வேதியியல், தட்டு அமிழும் தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைப் பாறைகளைவிட, எரிமலைக் குழம்பு குவிந்து மேலோடு தடித்த ஐஸ்லாந்தின் பாறைகளையே ஒத்திருக்கிறது. வைரங்களுக்குள் சிக்கிய துகள்களோ, அமிழ்ந்த கடல்தரையின் தடயத்தைச் சுமார் 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்துதான் தெளிவாகக் காட்டுகின்றன. அதனால் முதல் கண்டங்களுக்குத் தடித்த மேலோட்டையும், பிற்காலத்தவற்றுக்குத் தட்டு அமிழ்வையும் நான் ஏற்கிறேன்.