ஃபோர்ட் எஃப்-150க்கு ‘ரீபில்ட்’ கம்ப்யூட்டர்: 454 டாலர் போன கதையும் வாங்குமுன் பார்க்க வேண்டியவையும்

வண்டி 1992 ஃபோர்ட் எஃப்-150. 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், ஈ4ஓடி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். சாவியை ஆன் செய்தால் ஃபியூயல் பம்ப் ஒரு நொடி ஓடி நிற்க வேண்டும். இதில் நிற்காமல் ஓடியது. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை, கம்ப்யூட்டரிலிருந்து பழுது எண் (கோடு) எடுக்கப் பார்த்தால் எதுவும் வரவில்லை. இன்ஜின் ஸ்டார்ட் ஆனது, ஆனால் இழுவை சுத்தமாக இல்லை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் செயலிழந்தால் இந்த வண்டிகள் இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விடும் நேரத்தை) 10 டிகிரியில் பூட்டிக்கொண்டு நொண்டியடிக்கும். அறிகுறி எல்லாம் அதற்குப் பொருந்தியது.

ஆன்லைனில் ரீபில்ட், அதாவது பழையதைப் புதுப்பித்த கம்ப்யூட்டர் விற்கும் ஒரு கடையில் கம்ப்யூட்டர் பெட்டிக்கு 289 டாலர், ‘வின் நம்பருக்கு (வண்டியின் அடையாள எண்) ப்ரோகிராம் செய்ய’ 65, பழைய பெட்டியைத் திருப்பி அனுப்பும்வரை டெபாசிட் 100 என்று வாங்கினார்கள். ஆக 454. முதலில் வந்தது தப்பான பெட்டி. மாற்றி அனுப்பியது மூன்று வாரத்தில் படுத்தது. டெபாசிட் திரும்பவே இல்லை. கடைப் பெயர் இங்கே வேண்டாம். அந்தப் பெயர் மாறினாலும் விற்கும் முறை இதுவாகவே இருக்கும், அதனால் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் அந்த 65 டாலர். எஃப்-150இல் 1995 வரை பெரும்பாலும் இருப்பது ஈஈசி-4 என்ற 60 பின் கம்ப்யூட்டர். அதில் வின் நம்பர் பதிவாவதே இல்லை. எரிபொருள், டைமிங், கியர் கணக்கெல்லாம் உள்ளேயிருக்கும் ரோம் சிப்பில் ஆலையிலேயே எழுதப்பட்டுவிட்டது. சாவியை அடையாளம் பார்க்கும் பூட்டும் இந்த வண்டிகளில் கிடையாது. வின் நம்பரைக் கேட்டு, எந்தப் பெட்டி பொருந்தும் என்று பட்டியலில் தேடிச் சொன்னால் அது நியாயமான வேலை. ‘ப்ரோகிராம்’ என்று தனியாகக் கட்டணம் போட்டால், இல்லாத வேலைக்குக் காசு. அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே பக்கத்தை மூடிவிடலாம்.

அடுத்து, பெட்டி பொருந்துகிறதா என்பது. லேபிளில் 12ஏ650 என்ற எண்ணை நடுவில் வைத்து ஒரு நீளமான பாகம் எண் இருக்கும். அதோடு பெரிய எழுத்தில் மூன்று நான்கு எழுத்துகளில் ஒரு குறியீடு. இந்தக் குறியீடுதான் முக்கியம். அதே வருடம், அதே இன்ஜின், அதே 60 பின் கனெக்டர் என்றால் பெட்டி மாட்டிக்கொள்ளும், இன்ஜினும் ஓடும். ஆனால் கியர்பாக்ஸ் வேறாக இருக்கலாம். இந்த வண்டிக்கு முதலில் வந்தது மேனுவல் கியர் பெட்டி. ஈ4ஓடிக்கு அது ஆணையே கொடுக்காது. கியர் மாற்றும் இரண்டு ஷிஃப்ட் சோலினாய்டுக்கும் (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) மின்சாரம் இல்லையென்றால் அந்த கியர்பாக்ஸ் இருக்குமிடம் நாலாம் கியர். பிரஷர் சோலினாய்டுக்கு மின்சாரம் இல்லையென்றால் எண்ணெய் அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும். டி-யில் போட்டதும் பின்னால் யாரோ இடித்த மாதிரி ஒரு குலுக்கல், பிறகு நாலாம் கியரிலேயே நகரும். அப்படியே நாலு நாள் ஓட்டினால் கிளட்ச் தகடுகள் தேயும். பிறகு கம்ப்யூட்டர் விலையெல்லாம் ஒரு பொருட்டாகவே இருக்காது. ‘கொஞ்ச தூரம் ஓட்டுங்க, தானே கத்துக்கும்’ என்று கடைக்காரர் ஃபோனில் சொன்ன பதில் இருக்கிறதே, அதற்கு வெட்கமே கிடையாது.

இரண்டாவது பெட்டியில் குறியீடு சரி. புதுக் கறுப்பு பெயின்ட், மூடியின் விளிம்பில் ‘கிழித்தால் வாரண்டி இல்லை’ ஸ்டிக்கர். மூன்று வாரம் கழித்து மறுபடி பம்ப் நிற்காமல் ஓடியது. திறந்தால் உள்ளே முப்பது வருடப் பழைய கெபாசிட்டர்கள் அப்படியே.

இந்தப் பெட்டிகளைக் கொல்வது பெரும்பாலும் அவைதான். பவர் சப்ளை பகுதியில் மூன்று எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் இருக்கும். வழக்கமாக 47 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் ஒன்று, 10 மைக்ரோஃபாரட் 63 வோல்ட் இரண்டு. வருடக்கணக்கில் சூடுபட்டு அடிப்பக்கம் கசியும். கசிந்த திரவம் போர்டில் பரவி செப்புத் தடங்களை அரிக்கும், பச்சை பூக்கும், மீன் நாற்றம் அடிக்கும். வேலை பார்த்த பெட்டியா, வெறும் பெயின்ட் அடித்த பெட்டியா என்று கண்டுபிடிப்பது சுலபம். ஆலையில் போர்டு முழுக்க ஒரு வார்னிஷ் பூச்சு பூசியிருப்பார்கள். கெபாசிட்டர் கால்களைச் சுற்றி அந்தப் பூச்சு கலையாமல் வழவழப்பாக இருந்தால் அங்கே சால்டரிங் அயன் பட்டதே இல்லை.

அதனால் பணம் கட்டுமுன், கெபாசிட்டர் மாற்றிய பிறகு எடுத்த போர்டு படத்தை, பெட்டியின் லேபிளும் தெரியும்படி கேளுங்கள். நிஜமாகவே வேலை செய்கிறவர் அனுப்பிவிடுவார். ‘எங்க டெக்னீஷியன்கள் முழு டெஸ்ட் பண்றாங்க’ என்று பதில் வந்தால் புரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷனின் வழிகாட்டுதலே, தேவையான அளவு பிரித்து, சுத்தம் செய்து, பழுதான, தேய்ந்த பாகங்களைச் சரிசெய்யாமலோ மாற்றாமலோ ஒரு வாகன பாகத்தை ‘ரீபில்ட்’ என்று விற்பது ஏமாற்று என்கிறது.

ஆனால் பெட்டி வாங்குவதற்கு முன்னாடியே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் கம்ப்யூட்டரின் மேல் பழி போடக்கூடாது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இன்ஜின் பக்கம் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவர்) கனெக்டரின் நடுவிலுள்ள 10 மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்தால் கனெக்டர் வந்துவிடும். பெட்டி டிரைவர் கால்பக்கம், பார்க்கிங் பிரேக் பெடலுக்கு அருகே உள்பக்கமாக உருவிக்கொண்டு வரும். பேட்டரியை மறுபடி மாட்டி, மல்டிமீட்டரை ஹார்னஸ் (ஒயர் கட்டு) பக்கக் கனெக்டரில் வையுங்கள். பின் 1இல் சாவி இல்லாமலேயே பேட்டரி வோல்ட் வேண்டும். 37, 57 இரண்டிலும் சாவி ஆன் செய்தால் பேட்டரி வோல்ட். 40, 60 இரண்டும் எர்த். பேட்டரி நெகட்டிவோடு ஓம் பார்த்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 37, 57இல் வரவில்லையென்றால் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் ஈஈசி ரிலேயைப் பாருங்கள். சில டாலர் ரிலேக்காக 289 டாலர் பெட்டி மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு கம்ப்யூட்டரை மாட்டி, த்ராட்டில் சென்சார் கனெக்டரில் 5 வோல்ட் வருகிறதா பாருங்கள். இல்லையென்றால் உடனே முடிவு கட்டாதீர்கள். த்ராட்டில், மேப் (காற்றழுத்தம்), ஈஜிஆர் (புகை மறுசுழற்சி) சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பினால் அந்த சென்சார்தான் ஷார்ட், பெட்டி நல்ல பெட்டி. எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை, ஒயரிங்கிலும் ஷார்ட் இல்லை, பவரும் எர்த்தும் சரி என்றால் அப்புறம் பெட்டியைத் திறக்கலாம். இன்ஜெக்டர்களையும் ஓம் பார்த்துவிடுங்கள். சுமார் 13 முதல் 16 ஓம் இருக்க வேண்டும். ஒன்று ஷார்ட்டாக இருந்தால் புதுப் பெட்டியில் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரும் எரியும், விற்றவர் அதைக் காட்டியே வாரண்டியை மறுப்பார்.

கெபாசிட்டரை நீங்களே மாற்றலாம். மூன்றும் சேர்த்து சில டாலர்தான். போர்டில் இருப்பதன் மதிப்பைப் படித்து அதையே வாங்குங்கள். வோல்ட் கூடலாம், குறையக்கூடாது. 105 டிகிரி சூடு தாங்கும் வகையாகவே கேளுங்கள். பழையதைக் கழற்றுமுன் நெகட்டிவ் கோடு எந்தப் பக்கம் என்று படம் எடுங்கள், திருப்பிப் போட்டால் வெடிக்கும். வார்னிஷைச் சுரண்டிவிட்டு சால்டரை உறிஞ்சி எடுங்கள், கால்களை இழுத்தால் தடம் பெயர்ந்து வரும். கசிவை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் வைத்துத் தேய்த்துக் காயவையுங்கள். அரித்த தடத்தை மீட்டரில் தொடர்ச்சி பார்த்து, அறுந்திருந்தால் மெல்லிய ஒயர் போட்டு இணையுங்கள். செராமிக் போர்டோ டிரைவர் டிரான்சிஸ்டரோ எரிந்து கறுத்திருந்தால் மட்டும் வேறு பெட்டி தேடுங்கள்.

பழைய பெட்டியைத் திருப்பி அனுப்புவதில்தான் கடைசி அடி. கடைக்காரர் ‘உங்க பெட்டி எரிஞ்சிருக்கு, டெபாசிட் கிடையாது’ என்றார். பெட்டியையும் திருப்பித் தரவில்லை. சரிசெய்யக்கூடிய பெட்டி, சரியான குறியீடு, அவருக்கு இலவசச் சரக்கு. புதுப் பெட்டி குறைந்தது ஒரு மாதம் ஓடும்வரை பழையதைக் கையைவிட்டு விடாதீர்கள், டெபாசிட்டுக்கான கெடு அதற்குள் முடியுமா என்று வாங்கும்போதே கேளுங்கள். அனுப்பினால் மூடியைத் திறந்து போர்டையும் லேபிளையும் படம் எடுத்த பிறகே அனுப்புங்கள். ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி வந்தால் பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

அமெரிக்காவில் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், சொன்னபடி இல்லாத பொருள் என்று கார்டு நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடலாம். அந்தக் கட்டணம் முதலில் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள் கெடு. கலையாத வார்னிஷ் தெரியும் படம் ஒன்றைச் சேர்த்தால் வாதம் பலமாகும்.

இந்த வண்டியில் இப்போது ஓடுவது அந்த இரண்டாவது பெட்டிதான், மூன்று புதுக் கெபாசிட்டரும் ஒரு ஜம்பர் ஒயரும் போட்டது. சாவியை ஆன் செய்தால் பம்ப் ஒரு நொடி ஓடி நிற்கிறது. கோடு எடுத்தால் 111, அதாவது பழுது இல்லை.